நானோ துகள் ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தால் புற்றுநோய் முன்கூட்டியே தெரியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.ஆர்.ஐ. அறையில் வேலை பார்க்கிறேன். ஊசி போடுவதற்கு முன்னால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குகிற அந்தச் சில நிமிடங்களில்தான் எல்லோருக்கும் சந்தேகம் வரும். கொஞ்ச காலமாக அதில் 'நானோ' என்ற சொல் அடிக்கடி அடிபடுகிறது. வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு செய்தியைக் காட்டி, "இது இங்க போடுவீங்களா?" என்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே கொடுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டைப் பற்றிய கேள்வியை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

நானோ துகள்னா எவ்வளவு சின்னது?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை இருப்பதைப் பொதுவாக நானோ துகள் என்கிறார்கள். தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர், ரத்தச் சிவப்பணுவின் அகலம் 7,000 முதல் 8,000 வரை.

சின்னது என்பதைவிட, அளவு மாறினால் துகள் போய்ச் சேரும் இடமே மாறிவிடும் என்பதுதான் இதில் முக்கியம். 5, 6 நானோமீட்டருக்குள் இருந்தால் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றிவிடும். 30 அளவில் இருந்தால் ரத்தத்தில் நெடுநேரம் சுற்றி நிணநீர் முடிச்சுகள் (நெறி கட்டும் இடங்கள்) வரை போகும். 100 அளவுக்கு வந்தால் பெரும்பகுதி கல்லீரலிலேயே தங்கிவிடும். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

இப்ப எம்.ஆர்.ஐ.ல, சி.டி.ல போடுற காண்ட்ராஸ்ட் ஊசியும் இதுதானே?

இல்லை. சி.டி.க்குப் போடுவது அயோடின் சேர்ந்த மருந்து, எம்.ஆர்.ஐ.க்குப் போடுவது கடோலினியம். பெட் ஸ்கேனுக்குப் போடுவது கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை. மூன்றும் சாதாரண மூலக்கூறுகள்தான். நானோ துகள் என்பது ஆயிரக்கணக்கான அணுக்கள் சேர்ந்த ஒரு குட்டி உருண்டை. மேலே ஒரு பூச்சும் இருக்கும். உங்கள் பில்லில் 'காண்ட்ராஸ்ட்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இதுவரைக்கும் யார் உடம்புலயும் ஏத்தாத பொருளை எங்க மேல சோதிச்சுப் பாக்குறாங்களா?

அப்படி இல்லை. கர்ப்பகால ரத்தசோகைக்கு நம் அரசு மருத்துவமனைகளில் டிரிப்ஸில் ஏற்றுகிறார்களே, கரும்பழுப்பு நிறத்தில், அயர்ன் சுக்ரோஸ், அதுவே ஒரு நானோ துகள் மருந்துதான். உள்ளே இரும்பு, சுற்றிலும் சர்க்கரைப் பூச்சு. கர்ப்பம் பார்க்கிற கார்டில் விழும் இளஞ்சிவப்புக் கோடும் பெரும்பாலான கார்டுகளில் நானோ அளவுத் தங்கத் துகளின் நிறம்தான். இந்த அளவில் தங்கம் மஞ்சளாக இருக்காது, சிவப்பாகத் தெரியும்.

ஆகவே 'நானோ' என்றாலே புதுசு, ஆபத்து என்றும் இல்லை. புதுசு, அற்புதம் என்றும் இல்லை. எந்தத் துகள், என்ன பூச்சு, எவ்வளவு, எதற்கு என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

அது புற்றுநோய் செல்லை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்குமாமே?

செய்திகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். நடப்பது வேறு. புற்றுநோய்க் கட்டி அவசர அவசரமாக வளர்த்துக்கொள்ளும் ரத்தக் குழாய்களில் ஓட்டை அதிகம். அந்த ஓட்டை வழியாகத் துகள் கசிந்து கட்டிக்குள் தங்கும் என்று 1986-ல் ஜப்பானில் மட்சுமுரா, மயேடா இருவரும் காட்டினார்கள். துகளின் மேல் ஓர் எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) ஒட்டவைத்து, புற்றுநோய் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பிடிக்கச் செய்வது இன்னொரு வழி. இரண்டுமே உண்மை. ஆனால் துகள் எங்கேயும் 'தேடி'ப் போவதில்லை. ரத்தம் கொண்டுபோகிற இடத்துக்குப் போகிறது, வாய்ப்பு கிடைத்தால் தங்குகிறது.

அதோடு, ரத்தத்தில் கலந்த சில நொடிகளிலேயே நம் ரத்தப் புரதங்கள் துகளின் மேல் அப்பிக்கொள்ளும். பாடுபட்டு ஒட்டிய எதிர்ப்புரதம் அதற்கடியில் மறைந்துபோகக்கூடும். அப்புறம் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள், அந்நியப் பொருள் வந்திருக்கிறது என்று துகளைப் பிடித்து விழுங்கிவிடும். பத்தாண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து, டொராண்டோவில் வாரன் சான் குழுவினர் 2016-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஏற்றிய துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம். நூற்றில் ஒன்றுகூட இல்லை. அதுவும் ஆய்வகத்து விலங்குகளில், பெரும்பாலும் எலிகளில்.

எலியில கட்டி பளிச்சுன்னு தெரியுற படம் பாத்தேனே. அது பொய்யா?

பொய் இல்லை. ஆனால் அந்த எலியைக் கொஞ்சம் பாருங்கள். எடை 20 கிராம். தோலுக்கடியில் புற்றுநோய் செல்களை ஊசியால் செலுத்தி அரை கிராம் கட்டியாக வளர்த்திருப்பார்கள். உடம்பு எடையில் அது 2.5 சதவீதம். 60 கிலோ மனிதருக்கு அதே விகிதம் என்றால் ஒன்றரைக் கிலோ கட்டி. அதைக் கண்டுபிடிக்க ஸ்கேனே வேண்டாம்.

வேகமாக வளர்ந்த கட்டி என்பதால் அதன் ரத்தக் குழாய்களும் மனிதக் கட்டியில் உள்ளதைவிட அதிகமாகக் கசியும். எலிக்குத் தோலிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழம் என்பதால் ஒளிரும் துகளின் வெளிச்சம் வெளியே தெரிகிறது. மனிதரின் கணையத்திலிருந்து அந்த வெளிச்சம் வெளியே வராது. இனி நானோ செய்தி எதைப் படித்தாலும் அது எலியிலா மனிதரிலா என்று முதலில் பாருங்கள்.

எம்.ஆர்.ஐ.க்கு இரும்புத் துகள் போடுறாங்களாம். உள்ள போறப்பவே சாவி, தோடெல்லாம் கழட்டச் சொல்றீங்க, உடம்புக்குள்ள இரும்பு இருந்தா காந்தம் இழுத்துடாதா?

நல்ல கேள்வி. இழுக்காது. காந்தம் ஒரு பொருளை இழுக்க வேண்டுமானால், காந்தப் புலத்தின் வலிமை இடத்துக்கு இடம் மாற வேண்டும். அறை வாசலில் சாவிக்கொத்து பறப்பது அதனால்தான். நீங்கள் படுத்திருக்கிற குழாயின் நடுப்பகுதியில் புலம் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். அதோடு, துகளுக்குள் இருக்கும் இரும்பு ஆக்சைடு படிகம் சில நானோமீட்டர்தான். அதன் மேல் விழும் இழுவை, ரத்த ஓட்டத்தின் தள்ளுதலுக்கு முன் ஒன்றுமே இல்லை. இயந்திரத்தை விட்டு வெளியே வந்ததும் அதன் காந்தத் தன்மையும் போய்விடும்.

பிறகு எதற்கு அது? எம்.ஆர்.ஐ. படம் என்பது உடம்பில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சமிக்ஞை. பக்கத்தில் இந்தத் துகள் இருந்தால் அந்தச் சமிக்ஞை சட்டென்று அடங்கிவிடும். அந்த இடம் படத்தில் கறுப்பாக விழும். 1996-லேயே ஃபெரிடெக்ஸ் என்ற இரும்புத் துகள் மருந்துக்கு, அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. நல்ல கல்லீரலில் விழுங்கு செல்கள் நிறைய இருப்பதால் அவை துகளை விழுங்க, கல்லீரல் முழுக்கக் கறுத்துவிடும். கட்டிக்குள் அந்த செல்கள் இல்லை, அதனால் கட்டி மட்டும் வெள்ளையாக நிற்கும். துகள் கட்டிக்குப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். கட்டியைச் சுற்றியுள்ள நல்ல இடத்துக்குப் போய்த்தான் கட்டியைக் காட்டிக்கொடுக்கிறது. முன்பு சொன்ன 0.7 சதவீதச் சிக்கலே இங்கே எழவில்லை. இந்தத் துறையில் உருப்படியாக வேலை செய்த யோசனைகளில் பாதி இந்த மாதிரிதான்.

நெறி கட்டுற இடத்துல கேன்சர் பரவியிருக்கானு இதுல தெரியுமாமே?

தெரியும். இந்தத் துறையின் மிக அழகான முடிவு இதுதான் என்பேன். அக்குள், தொடை இடுக்கு, இடுப்புக் குழி என்று உடம்பெங்கும் இருக்கும் நிணநீர் முடிச்சுகளில் புற்றுநோய் பரவியிருக்கிறதா என்பதை வைத்துத்தான் சிகிச்சையே முடிவாகும். சாதாரண ஸ்கேனில் முடிச்சின் அளவைத்தான் பார்க்க முடிகிறது. 8, 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம், இல்லையென்றால் சரி. ஆனால் 5 மில்லிமீட்டர் முடிச்சிலும் புற்றுநோய் இருக்கலாம், 15 மில்லிமீட்டர் முடிச்சு வெறும் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம்.

ஃபெருமோக்ஸ்ட்ரான் என்பது சுமார் 30 நானோமீட்டர் இரும்புத் துகள். டிரிப்ஸில் மெதுவாக ஏற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், மறுநாள்தான் ஸ்கேன். நல்ல முடிச்சில் விழுங்கு செல்கள் துகளை எடுத்துக்கொள்வதால் அது கறுத்திருக்கும். புற்றுநோய் இடம்பிடித்த முடிச்சு வெள்ளையாகவே இருக்கும். பாஸ்டனிலும் நெதர்லாந்தின் நைமேகனிலும் புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 80 பேரிடம் இதைச் செய்து பார்த்து 2003-ல் வெளியிட்டார்கள். 334 முடிச்சுகளில் 63-ல் புற்றுநோய் இருந்தது. சாதாரண எம்.ஆர்.ஐ. அவற்றில் 35.4 சதவீதத்தைத்தான் பிடித்தது, துகள் போட்ட பிறகு 90.5 சதவீதம் பிடிபட்டது.

இவ்வளவு நல்ல ரிசல்ட் வந்தும் ஏன் எங்கயுமே கிடைக்கலை?

பெரிய அளவில் போகும்போது முடிவுகள் அவ்வளவு தெளிவாக இல்லை. வெள்ளையாக நின்றதெல்லாம் புற்றுநோய் இல்லை. முடிச்சுக்குள் இருக்கும் கொழுப்பும் தழும்பும்கூட அப்படித்தான் தெரியும். அதைப் பிரித்துப் படிக்கப் பழகிய கண் வேண்டும். அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் 2007-ல் நிறுவனமே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. நைமேகனில் விடாப்பிடியாக அதை மறுபடி தயாரித்து ஆய்வைத் தொடர்கிறார்கள்.

ஃபெரிடெக்ஸ் கதை வேறு. மருந்து வேலை செய்தது, விற்கவில்லை. கல்லீரலுக்கு ஒரே தடவையில், காத்திருக்காமல் படம் எடுக்க உதவும் கடோலினியம் மருந்து வந்ததும் இதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்கு, அந்தச் செல்களின் மேல் உள்ள பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைப் பிடித்துக் காட்டும் பெட் ஸ்கேன் வந்துவிட்டது. அமெரிக்காவில் அதற்கு 2020 டிசம்பரில் அனுமதி கிடைத்தது, நம் ஊர்ப் பெரிய மையங்களிலும் எடுக்கிறார்கள். அதில் போடுவது நானோ துகள் இல்லை, சாதாரணச் சிறு மூலக்கூறு. கட்டிக்குள் எளிதாக நுழையும், மீதி சீக்கிரம் வெளியேறும். நானோ துகளுக்குப் போட்டி புற்றுநோய் மட்டும் இல்லை, இந்த மாதிரிச் சின்ன மூலக்கூறுகளும்தான்.

அப்ப இன்னைக்கு நிஜமா ஆஸ்பத்திரியில பயன்படுற நானோ துகள்னு ஒண்ணாவது இருக்கா?

இருக்கிறது. 'நானோ' என்று யாரும் விளம்பரம் செய்யாமல், பல வருடங்களாக இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் முதலில் அக்குளில் உள்ள ஒன்றிரண்டு நிணநீர் முடிச்சுக்குத்தான் போகும். வாய்க்காலில் எந்த மடைக்கு முதலில் தண்ணீர் போகிறதோ அதைப் பார்த்தால் போதும், எல்லா மடையையும் தோண்ட வேண்டியதில்லை. அந்த முதல் முடிச்சைக் கண்டுபிடிக்கத்தான் கூழ்மத் துகள்களில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி மார்பில் ஊசி போடுகிறார்கள். துகள்களின் அளவு பத்துகளிலிருந்து சில நூறு நானோமீட்டர் வரை. இந்தியாவில் இதற்கான மருந்துக் கிட்டுகளை மும்பையில் உள்ள பிரிட் என்ற அணுசக்தித் துறை நிறுவனம் வழங்குகிறது.

அறுவை அரங்கில் இதைப் பார்த்தால்தான் புரியும். கதிரியக்கத்தை உணர்ந்து சத்தம் போடும், பேனா மாதிரியான ஒரு கருவியை அக்குளில் மெல்ல நகர்த்துவார் சர்ஜன். துகள் சேர்ந்த முடிச்சுக்கு மேலே வந்ததும் சத்தம் சரசரவென்று ஏறும். அங்கே சின்னதாகக் கீறி, அந்த முடிச்சை எடுத்து, மறுபடி கருவியை அதன் மேல் வைத்துப் பார்ப்பார்கள். அப்புறம் அக்குளில் வைப்பார்கள். சத்தம் அடங்கியிருந்தால் எடுத்தது சரியான முடிச்சுதான். அதில் புற்றுநோய் இல்லையென்றால் அக்குளை முழுசாகச் சுத்தம் செய்ய வேண்டாம். வாழ்நாள் முழுக்கக் கை வீங்கிப்போகிற தொல்லை பெருமளவு தப்பும். இதே வேலையைக் கதிரியக்கம் இல்லாமல் இரும்புத் துகளால் செய்யும் மேக்ட்ரேஸ் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2018-ல் அனுமதி கிடைத்தது. ஊசி போட்ட இடத்தில் தோல் பழுப்பாகிப் பல மாதம் அப்படியே இருக்கலாம் என்பது அதில் ஒரு குறை.

தங்கத் துகள் போட்டு சி.டி. எடுத்தா ரொம்பத் தெளிவா தெரியுமாமே?

எக்ஸ்ரேயைத் தடுப்பதில் தங்கம் அயோடினைவிடக் கெட்டி. 2006-லேயே எலிகளில் 1.9 நானோமீட்டர் தங்கத் துகள் போட்டு நல்ல படம் எடுத்திருக்கிறார்கள். ஆனால் சி.டி.க்குக் கிராம் கணக்கில் மருந்து வேண்டும். கிராம் கணக்கில் தங்கம் ஏற்றினால் விலை என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஸ்கேனுக்காக மனிதருக்குப் போட அனுமதி பெற்ற தங்கத் துகள் இல்லை.

பஸ்பமும் நானோதானாமே? தங்க பஸ்பம் சாப்பிட்டா ஸ்கேன்ல தெரியுமா?

பஸ்பங்களில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதாகச் சில ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன, சரி. ஆனால் அளவு ஒத்துப்போவதால் அது ஸ்கேன் மருந்து ஆகிவிடாது. ஸ்கேனில் கட்டி தெரிவதற்கும் பஸ்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சாப்பிடுகிறவர்கள் ஸ்கேனுக்கு முன் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

இருட்டுல ஒளிர்ற துகள் ஏதோ கண்டுபிடிச்சாங்களே, நோபல் கூட வந்துச்சே?

நோபல் பரிசு குவாண்டம் டாட் என்ற துகளுக்கு, 2023-ல், வேதியியலில். அளவைப் பொறுத்து நிறம் மாறும் துகள் அது. டிவி திரையில் ஏற்கெனவே வந்துவிட்டது. உடம்புக்குள் ஏற்றுவதில்தான் சிக்கல். பலவற்றில் காட்மியம் இருக்கிறது, அது நஞ்சு.

மனிதர் வரை வந்தது இன்னொரு வகை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உல்ரிச் வீஸ்னர் செய்த சிலிக்கா துகள், கார்னெல் டாட். 6, 7 நானோமீட்டர்தான். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் பரவிய தோல் புற்றுநோய் உள்ள 5 பேருக்கு முதலில் ஏற்றி, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். துகள் சிறுநீரில் வெளியேறியது, பாதிப்பு எதுவும் தெரியவில்லை. இதை இப்போது அதிகம் முயல்வது நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க இல்லை, அறுவையின்போது எதை வெட்டுவது என்று சர்ஜனுக்குக் காட்டத்தான். கட்டியின் அமிலத்தன்மையில் மட்டும் ஒளிரும் பெக்சிடாசியானின் என்ற துகளையும் அதே காரணத்துக்காக மனிதர்களில் சோதித்திருக்கிறார்கள்.

போட்ட துகள் உடம்புலயே தங்கிடாதா?

முதல் கேள்வியில் சொன்ன அளவுக் கணக்கு இங்கே வரும். 2007-ல் பாஸ்டனில் செய்த ஆய்வில், சுமார் 5.5 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் சிறுநீரில் வேகமாகவும் நன்றாகவும் வெளியேறும் என்று காட்டினார்கள். அதைவிடப் பெரிதாகப் பெரிதாக, கல்லீரல், மண்ணீரலுக்குப் போவது கூடும். அங்கே போனபின் என்ன ஆகும் என்பது பொருளைப் பொறுத்தது. இரும்பு என்றால் உடம்பு அதைக் கரைத்து, ஹீமோகுளோபின் செய்யவே எடுத்துக்கொள்ளும். முடிச்சு ஸ்கேனுக்கு 60 கிலோ ஆளுக்குப் போடுவது சுமார் 156 மில்லிகிராம் இரும்பு. நம் உடம்பில் ஏற்கெனவே 3, 4 கிராம் இருக்கிறது. தங்கம் கரையாது, அது கிடந்தபடியே கிடக்கும்.

அலர்ஜி, கிட்னி பிரச்சினை இருக்கிறவங்க போட்டுக்கலாமா?

ரத்தசோகைக்கென்று 2009-ல் அனுமதி பெற்ற ஃபெருமோக்ஸிடால் என்ற இரும்புத் துகளைச் சில மையங்கள் எம்.ஆர்.ஐ.க்கும் பயன்படுத்துகின்றன. கடோலினியம் போட முடியாத அளவுக்குச் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது ஒரு மாற்று. ஆனால் உயிரைப் பறித்த ஒவ்வாமைகளும் நடந்திருப்பதால் 2015-ல் எஃப்.டி.ஏ. அதன் லேபிளில் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. கிட்னி கெட்டவர்களுக்கு உதவும், அலர்ஜி உள்ளவர்களுக்கு ஆபத்து என்பதால் ஆளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த மருந்து ஏற்றியபின் மூன்று மாதம் வரை எம்.ஆர்.ஐ. படத்தில் அதன் சாயல் தெரியலாம். அண்மையில் எந்த இரும்பு டிரிப்ஸ் ஏற்றியிருந்தாலும் ஸ்கேன் அறையில் சொல்லிவிடுங்கள். கேட்டால்தான் சொல்வேன் என்று இருக்காதீர்கள். எங்கள் படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கும், ஆனால் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை.

நானோ ஊசி போட்டா கட்டியே வர்றதுக்கு முன்னாடி, பத்து செல் இருக்கும்போதே தெரிஞ்சிடுமா?

தெரியாது. ஒரு சென்டிமீட்டர் கட்டியில் பத்துக் கோடியிலிருந்து நூறு கோடி செல்கள் வரை இருக்கும். பெட் ஸ்கேனில் பிரித்துப் பார்க்க முடிவது 4, 5 மில்லிமீட்டர் அளவு. நானோ துகள் சமிக்ஞையைக் கூட்டிக்கொடுக்கும், ஆனால் இயந்திரத்தின் பார்வைக் கூர்மையை மாற்றாது. பத்து செல்லைச் சுற்றி ரத்தக் குழாயே முளைத்திருக்காது, துகள் எந்த வழியாகப் போகும்?

படமே எடுக்காமல் இதைச் சுற்றிப் போகிற ஒரு முயற்சி உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சங்கீதா பாட்டியா குழுவினர் செய்வது. துகளின் மேல் குட்டிக் குட்டிப் புரதத் துண்டுகளை ஒட்டி அனுப்புகிறார்கள். கட்டி சுரக்கும் நொதிகள் அவற்றை வெட்டிவிட, வெட்டுப்பட்ட துண்டுகள் சிறுநீரில் வரும். ஒரே நொதி ஆயிரக்கணக்கான துண்டுகளை வெட்டும் என்பதால் சின்னக் கட்டிகூடப் பெரிய சத்தம் போடும். 2024-ல் மூச்சில் இழுக்கும் வடிவில், நுரையீரல் புற்றுநோய்க்கு, எலிகளில் செய்து காட்டினார்கள். எலிகளில் என்பதை மறக்க வேண்டாம்.

எனக்கு ஒண்ணும் இல்ல. இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை இந்த மாதிரி எடுத்துப் பாத்துக்கிட்டா நல்லதுதானே?

அப்படி ஒரு அருமையான நானோ ஸ்கேன் வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். கணக்குப் போடுவோம், எண்கள் என் கற்பனை. 10,000 பேரில் 50 பேருக்கு நோய். ஸ்கேன் நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 95 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிடும். அப்படியானால் 45 பேர் பிடிபடுவார்கள், 5 பேர் தப்பிவிடுவார்கள். நோயே இல்லாத 9,950 பேரில் சுமார் 498 பேருக்கும் 'இருக்கலாம்' என்று வரும். ஆக, ரிப்போர்ட்டில் சந்தேகம் என்று வந்த 12 பேரில் ஒருவருக்குத்தான் நிஜமாக நோய். மீதிப் பேருக்கு பயாப்சி, செலவு, தூக்கமில்லாத இரவுகள்.

நோய் இருக்கிறது என்று தெரிந்தவரிடம் அது எங்கே பரவியிருக்கிறது என்று பார்ப்பது வேறு, ஒன்றுமில்லாதவரிடம் தேடுவது வேறு. மேலே சொன்ன வெற்றிகளைத் திரும்பிப் பாருங்கள்: நிணநீர் முடிச்சு, மார்பக அறுவை, கல்லீரல் கட்டி. எல்லாமே முதல் வகை. நலமாக இருப்பவரிடம் புற்றுநோயைத் தேட அனுமதி பெற்ற நானோ ஸ்கேன் ஒன்றுகூட இன்று கிடையாது. 'நானோ ஃபுல் பாடி செக்-அப்' என்று யாராவது பேக்கேஜ் விற்றால் வாங்காதீர்கள்.

சீக்கிரம் கண்டுபிடிக்கிறது எப்படிங்க தப்பாகும்?

பெரும்பாலும் நல்லதுதான். எப்போதும் நல்லது இல்லை. தென் கொரியாவில் 1999-ல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை, ஆனால் கொஞ்சம் காசு சேர்த்துக் கொடுத்தால் கழுத்துக்கும் ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துவிடலாம். எல்லோரும் எடுத்தார்கள். 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 1993-ல் இருந்ததைப்போல 15 மடங்கு ஆகிவிட்டது. ஆனால் அந்த நோயால் இறந்தவர்களின் விகிதம் அப்படியே இருந்தது. அதாவது, கண்டுபிடித்ததில் பெரும்பகுதி ஒருவரையும் ஒன்றும் செய்யாமல் கிடந்திருக்கக்கூடிய கட்டிகள். அதற்காகக் கழுத்தைக் கீறித் தைராய்டை எடுத்துவிட்டு வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில்.

அது சாதாரண அல்ட்ராசவுண்ட். அதைவிட நுணுக்கமாகப் பார்க்கும் கருவி வந்தால் இந்தச் சிக்கல் கூடத்தான் செய்யும். எந்தக் கட்டி கொல்லும், எது சும்மா கிடக்கும் என்று துகள் பிரித்துச் சொன்னால்தான் அதற்கு மதிப்பு.

அப்ப நான் இப்ப என்னதான் செய்யுறது?

இருப்பதைச் செய்யுங்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கிய ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற நர்சுகள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். இடம் வெளுத்தால் அங்கேயே சிகிச்சை. ஒரே ஒரு தடவைப் பரிசோதனைதான். கருப்பைவாய்ப் புற்றுநோய் சாவு அதனால் 35 சதவீதம் குறைந்தது, 2007-ல் வெளியானது. திருவனந்தபுரத்தில் டார்ச் அடித்து வாயைப் பார்த்த ஆய்வில், புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் சாவு 34 சதவீதம் குறைந்தது. நான் மேலே சொன்ன எந்த நானோ துகளும் இன்றுவரை இப்படி ஓர் எண்ணைக் காட்டவில்லை.

30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பார்க்கும் திட்டம் இருக்கிறது. நானோ வரட்டும் என்று மேமோகிராமைத் தள்ளிப்போட்ட ஒருவரையாவது நான் பார்த்திருக்கிறேன். அந்த எரிச்சலில்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கண்டுபிடிக்கிற துகளே மருந்தையும் கொடுத்துடுமாமே?

அந்தத் திசையில் ஓரளவு உருப்படியாக நகர்வது அகுயிக்ஸ் என்ற பிரெஞ்சுத் துகள். சுமார் 5 நானோமீட்டர், உள்ளே கடோலினியம். எம்.ஆர்.ஐ.யில் கட்டியைக் காட்டும், ரேடியேஷன் கொடுக்கும்போது கட்டிக்குள் அதன் வீரியத்தைக் கூட்டும். கிரெனோபிளில் மூளைக்குப் பரவிய புற்றுநோய் உள்ள 15 பேரிடம் முதலில் சோதித்தார்கள், தொடர்ந்து பெரிய ஆய்வுகள் நடக்கின்றன. ரேடியேஷன் மட்டும் கொடுத்தவர்களைவிட இவர்கள் எவ்வளவு காலம் கூடுதலாக வாழ்கிறார்கள் என்பதுதான் கேள்வி. படம் பளிச்சென்று இருப்பது அதற்குப் பதில் ஆகாது.

நானோ துகள் ஆய்வுல சேரச் சொல்லி டாக்டர் கேக்குறார். சேரலாமா?

சேரலாம், சில விஷயங்களைப் பார்த்துவிட்டு. இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வு எதுவாக இருந்தாலும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும், 2009-லிருந்து கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் யாரும் பார்க்கலாம். சோதிக்கும் மருந்துக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நடுவில் விலகினாலும் உங்கள் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தத் துகள் இதற்கு முன் எத்தனை மனிதர்களுக்கு ஏற்றப்பட்டிருக்கிறது? இந்த ஸ்கேன் முடிவை வைத்து என் சிகிச்சையை மாற்றுவீர்களா, அல்லது தகவலுக்காக மட்டுமா? தகவலுக்காக மட்டும் என்பதுதான் பல ஆய்வுகளில் உண்மை, அதில் தவறும் இல்லை, ஆனால் தெரிந்து சேருவது நல்லது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். கையெழுத்துப் போட்டதில் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வில் சேர்பவர்களின் நலனைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம் அதில்தான் இருக்கும்.